வரி போகும் வழியும் வளம் வரும் வழியும்

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பொன்விழாவில் வரியைப் பற்றிப் பேசுங்கள் என்று செயற்குழுவினர் சொன்னபோது எங்களுக்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருந்தது. நாங்கள் பொருளாதார அறிஞர்கள் அல்ல. அண்ணன் தம்பி இருவரும் பாலிடெக்னிக்கில் வணிக டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தா உட்கார்ந்திருந்த கல்லாவில் உட்கார்ந்தவர்கள். ஆனாலும் வரியைக் கண்ணால் பார்க்கிற இடம் கல்லாதான். எந்த வரி ஏறினாலும் முதலில் திட்டு வாங்குவது கடைக்காரன். எந்த உதவித்தொகை வந்தாலும் அதன் முதல் நோட்டு வருவதும் கடைக்குத்தான். அந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறோம். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். நம் பிள்ளைகளைக் குரங்கு பார்க்க அழைத்துப் போகிறோமே, அந்த புக்கிட் மெலாவத்தி மலை, அது எதற்காகக் கோட்டையாக இருந்தது? கீழே ஓடும் சிலாங்கூர் ஆற்றின் வழியாகத்தான் உள்நாட்டில் தோண்டிய ஈயம் கடலுக்கு வந்தது. கோலா என்றால் ஆற்றுவாய். ஆற்றுவாயைக் கையில் வைத்திருந்தவர் கையில் வரி இருந்தது. 1784இல் டச்சுக்காரர்கள் இந்த மலையைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார். பிறகு 1867 முதல் 1874 வரை சிலாங்கூரில் நடந்த உள்நாட்டுப் போரும் கிள்ளானில் வரி வசூலிக்கும் உரிமை யாருக்கு என்ற தகராறில் தொடங்கியதுதான். அந்தச் சண்டை கோலசிலாங்கூரையும் விடவில்லை. சண்டை நடந்த காலத்தில் சுரங்கமும் படுத்தது, வியாபாரமும் படுத்தது. ஆகவே வரி என்பது நம் ஊருக்குப் புதிய விஷயம் அல்ல. இந்த ஊர் உருவானதே வரித்துறையாகத்தான்.

வரி போட்டால் நாடு வளருமா, தேயுமா? இதற்கு நம் இரண்டு மரபிலும் பழைய பதில் உண்டு. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டிய மன்னனுக்குச் சொன்ன யானைக் கதையைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள் அறிவார்கள். சிறு வயலின் நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளுக்கு வரும். யானையே வயலில் இறங்கினால், அது தின்றதைவிட மிதித்து அழித்ததே அதிகம். வரியை எப்படி வாங்குவது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

இன்னொருவர் இப்னு கல்தூன். 14ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த வரலாற்று அறிஞர். ஓர் ஆட்சியின் தொடக்கத்தில் வரி விகிதம் குறைவாக இருக்கும், வசூல் அதிகமாக இருக்கும். ஆட்சியின் இறுதியில் விகிதம் ஏறியிருக்கும், வசூல் குறைந்திருக்கும் என்பது அவர் கண்ட கருத்து. உழைத்தாலும் கையில் நிற்காது என்று தெரிந்தால் மக்கள் உழைப்பைக் குறைத்துக்கொள்வார்கள் என்று காரணமும் சொன்னார். இதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவரே சொன்ன மறுபாதியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நாட்டிலேயே பெரிய சந்தை அரசாங்கம்தான், அது வாங்கிய பணத்தைப் பூட்டி வைத்தால் மற்ற எல்லாச் சந்தைகளும் காய்ந்துபோகும் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

எனவே கேள்வி இரண்டு. எப்படி வாங்குகிறார்கள்? வாங்கியது எங்கே போகிறது? இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்காதவரை, வரி நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம்.

பிரிட்டிஷ் காலத்தில் அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று ஏற்றுமதி வரி. முதலில் ஈயத்துக்கு, பிறகு ரப்பருக்கு. ஈயத்தில் வந்த வருமானத்தை நம்பித்தான் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886இல் ரயில் பாதை திறந்தார்கள். ரயில் வந்ததும் சரக்குக் கூலி குறைந்தது. கூலி குறைந்ததும் இன்னும் நிலம் திருத்தினார்கள். வரி, பாதை, சாகுபடி, மறுபடியும் வரி என்று ஒரு சுற்று உண்டானது. அந்தச் சுற்றில்தான் நம் முன்னோர்களும் வந்து சேர்ந்தார்கள். இராமநாதபுரம், நாகூர், கடையநல்லூர் என்று எத்தனையோ ஊர்களிலிருந்து வந்து, தோட்டத்து வாசலில் கடை போட்டவர்கள் அவர்கள்.

அடுத்து ஒரு நல்ல உதாரணம். ரப்பர் ஏற்றுமதியின்மேல் 'செஸ்' என்ற சிறு தீர்வை ஒன்று உண்டு. அதைப் பொதுக் கஜானாவில் கலக்காமல் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கினார்கள். அதைக் கொண்டு 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பழைய விதைக்கன்று மரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டில் சுமார் 500 கிலோ ரப்பர் தந்தன. அந்தக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ஒட்டுரகம் அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் தந்தது. அந்த ரகம் தாய்லாந்து வரைக்கும் பரவியது. பால்மரத்தில் கத்தி வைத்த ஒவ்வொரு தொழிலாளியின் உழைப்பிலும் ஒரு துளி அந்தச் செஸ்ஸில் சேர்ந்திருக்கிறது. அது விளைச்சலாகத் திரும்பி வந்தது. வாங்கிய தீர்வை வளர்ச்சியாக மாறியதற்கு நம் மாநிலத்திலேயே இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. விளைச்சல் மூன்று மடங்கானது, ஏற்றுமதி வரி வசூலும் ஏறியது. லயத்துக்கு என்ன வந்தது? தோட்டம் தனியார் சொத்து. சாலை, குழாய்த் தண்ணீர், மின்சாரம் என்று நாடு விடுதலை பெற்ற பிறகு கிராமப்புறத்துக்கு அரசாங்கம் ஒதுக்கிய மேம்பாட்டுப் பணம் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. உள்ளே செய்ய வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்றார்கள். தோட்டத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் அதே கதிதான். நிலம் தோட்டத்துடையது என்பதால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நெடுங்காலம் இருந்தன. கட்டடத்துக்குப் பணம் கேட்டால் நிலம் யாருடையது என்ற கேள்வி வந்து நிற்கும். நம் பெரியவர்களில் பலர் அந்தப் பள்ளிகளில்தான் அ, ஆ படித்தார்கள்.

இதை யார் மீதும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு பாடம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம். வரி எந்த இடத்திலிருந்து வருகிறதோ அந்த இடத்துக்குச் செலவு தானாகத் திரும்பி வராது. கேட்கிற வாயும், கணக்குக் காட்டுகிற கையும் இருக்கிற இடத்துக்குத்தான் போகும்.

செம்பனையின் கதையும் நம் ஊரிலேயே தொடங்கியதுதான். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தாய் அருகே தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ நம் தமிழ்ப் பெயர். 1970களில் அரசாங்கம் ஒரு வேலை செய்தது. கச்சா செம்பனை எண்ணெயை அப்படியே ஏற்றுமதி செய்தால் வரி. இங்கேயே சுத்திகரித்து அனுப்பினால் சலுகை. சில ஆண்டுகளிலேயே ஆலைகள் பெருகின, ஏற்றுமதியில் பெரும்பங்கு சுத்திகரித்த எண்ணெயாக மாறியது. ஆலையில் வேலை, துறைமுகத்தில் வேலை, லாரிகளுக்கு வேலை என்று விரிந்தது.

இங்கேயும் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கக்கூடாது. கச்சா எண்ணெய்க்கு வரி போட்டால் உள்நாட்டில் அதன் விலை குறையும். ஆலைக்காரருக்கு அது லாபம். குலை வெட்டி விற்கிற சிறு தோட்டக்காரருக்கு அது நட்டம். ஒரு வரியைக் கட்டுவதாகக் காகிதத்தில் இருப்பவர் ஒருவர், உண்மையில் அதன் சுமையைத் தாங்குபவர் வேறொருவர். வியாபாரிகளான நமக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம்.

இப்போது செலவின் பக்கம். ஊரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வழியாகக் காரில் போகும்போது இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வயல். அந்த நிலம் முன்பு சதுப்புக் காடு. 1930களில் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டத்தில், பெர்ணம் ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி தெங்கி ஆற்றுக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து வயல்களுக்குப் பிரித்தார்கள். தனி ஒரு விவசாயியால் அந்தக் கால்வாயை வெட்ட முடியுமா? பத்துப் பேர் சேர்ந்தாலும் முடியாது. அது அரசாங்கம் மட்டுமே செய்யக்கூடிய செலவு. இன்று அந்த வட்டாரம் நாட்டில் நல்ல விளைச்சல் தரும் நெல் வட்டாரங்களில் ஒன்று. அறுவடை முடிந்ததும் அந்த மக்கள் துணி எடுக்க, பாத்திரம் வாங்க எங்கே வருகிறார்கள்? நம் கடைகளுக்கும்தான் வருகிறார்கள். கால்வாய்க்குச் செலவழித்த வரிப்பணம் தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் நம் கல்லாவில் விழுகிறது.

சபாக் பெர்ணம் பக்கம் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. நம் வட்டாரப் பிள்ளைகள் கோலாலம்பூர் வரை போய் வாடகை கொடுத்துத் தங்காமல் டிப்ளோமா படிக்க முடிகிறது. பாலிடெக்னிக்கில் நாங்கள் கட்டிய கட்டணம் எங்களுக்கு ஆன செலவில் ஒரு சிறு பகுதிதான். மீதியை யார் கட்டியது? சிகரெட் வாங்கியவர், கார் வாங்கியவர், சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்ட யாரோ ஓர் ஆசிரியர். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. இன்று இரட்டைப் பதிவுக் கணக்கு எங்களுக்குத் தெரிகிறது என்றால் அது பிறர் வரியில் படித்த படிப்பு.

அரசாங்கம் ஒரு வெள்ளி செலவழித்தால் பொருளாதாரம் எத்தனை வெள்ளி வளரும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. நாங்கள் அதைப் பாட்டனாரின் சம்பள நாளை வைத்துப் புரிந்துகொண்டோம். தோட்டத்தில் சம்பளம் போட்ட அன்று மாலை, தொழிலாளி பற்றுக் கணக்கைத் தீர்ப்பார். பாட்டனார் அந்தப் பணத்தில் மீன்காரருக்கும் விறகுக்காரருக்கும் கொடுப்பார். மீன்காரர் தையல்காரருக்குக் கொடுப்பார். ஒரே நோட்டு இரவுக்குள் நான்கு கை மாறும். நான்கு பேருக்கும் அது வருமானம். இன்று? உதவித்தொகை வந்தால் அதில் ஒரு பகுதி கைத்தொலைபேசிக்குப் போகிறது, ஒரு பகுதி வெளிநாட்டுச் சரக்குக்குப் போகிறது. இரண்டு கை மாறுவதற்குள் நோட்டு நாட்டை விட்டே போய்விடுகிறது. மலேசியா போன்று வாணிபத்துக்குக் கதவைத் திறந்து வைத்த நாட்டில், கையில் கொடுக்கும் பணம் தரும் வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. கால்வாயும் பாலமும் பள்ளியும் அப்படி அல்ல. அவற்றைப் பெட்டியில் போட்டு வெளியே அனுப்ப முடியாது. அதே சமயம், பசிக்கிற வீட்டுக்கு உடனே வேண்டியது கால்வாய் அல்ல, அரிசி. அதனால் இரண்டுக்கும் இடம் உண்டு.

இனி ஜிஎஸ்டி. 2015 ஏப்ரல் 1ஆம் தேதியை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். பொருள் சேவை வரி 6 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டில் அரசாங்க வருமானத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு பெட்ரோலியத்திலிருந்து வந்தது. எண்ணெய் விலை சரிந்ததால் 2016இல் அந்தப் பங்கு கிட்டத்தட்டப் பாதியானது. அந்தப் பள்ளத்தை அடைத்தது ஜிஎஸ்டிதான். 2016இல் அது தந்த வசூல் சுமார் 41 பில்லியன் வெள்ளி.

கணக்குப் படித்தவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏட்டில் பார்த்தால் ஜிஎஸ்டி ஒழுங்கான வரிதான். பழைய விற்பனை வரி தொழிற்சாலை வாசலிலோ துறைமுகத்திலோ ஒருமுறை போடப்படும். பிறகு மொத்த வியாபாரி அந்த வரியையும் சேர்த்த விலையின்மேல் தன் லாபத்தை வைப்பார். சில்லறை வியாபாரி அதன்மேல் வைப்பார். வாங்குகிறவர் கண்ணுக்கு வரி தெரியவே தெரியாது. ஜிஎஸ்டியில் ஒவ்வொரு படியிலும் வரி உண்டு, ஆனால் முன்படியில் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம். ரசீதிலும் தெரியும்.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் வெறுத்தார்கள்? கடையில் நின்று பார்த்தோம், தெரியும். அரிசி, சீனி, சமையல் எண்ணெய், முட்டை, காய்கறிக்கெல்லாம் வரி பூஜ்யம். மைலோவுக்கு 6, சோப்புக்கு 6, பிஸ்கட்டுக்கு 6. மாதம் ஆயிரத்துச் சொச்சம் சம்பளம் வாங்குகிற தோட்டத்துக் குடும்பம் வாங்குவதை அப்படியே செலவழிக்கிறது. பத்தாயிரம் வாங்குகிறவர் பாதியைச் சேமிக்கிறார். சேமிப்புக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆகவே விகிதம் ஒன்றாக இருந்தாலும் பாரம் ஒன்றல்ல. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத அந்த மக்கள், தங்கள் பெயரில் வரி என்று ரசீதில் அச்சிட்டு முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: "எங்கக்கிட்ட வாங்கி எங்களுக்கு என்ன செஞ்சாங்க?"

2018 தேர்தலுக்குப் பிறகு ஜூன் 1இல் ஜிஎஸ்டி பூஜ்யமானது. செப்டம்பர் 1இல் விற்பனை சேவை வரி வந்தது. இடையில் மூன்று மாதம் வரி விடுமுறை. மக்கள் கார் வாங்க வரிசையில் நின்றார்கள். அந்த மூன்றாம் காலாண்டில் நாட்டில் தனியார் பயனீட்டுச் செலவு முந்தைய ஆண்டைவிட 9 விழுக்காடு கூடியது. வரி குறைந்தால் சந்தை சூடு பிடிக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் 2018 முழு ஆண்டின் வளர்ச்சி 2017ஐவிடக் குறைவுதான். அடுத்த ஆண்டு வாங்க வேண்டிய காரை இந்த ஆண்டே வாங்கினால் அது முழுவதும் வளர்ச்சி ஆகிவிடாதல்லவா?

இந்த இடத்தில் எங்கள் கடையின் பிழை ஒன்றைச் சபையில் சொல்ல வேண்டும். ஜூன் 1இல் வரி போனது. நாங்கள் விலையைக் குறைக்கவில்லை. அலமாரியில் இருப்பது வரி கட்டி வாங்கிய பழைய சரக்கு என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆனால் கட்டிய அந்த வரியைத் திரும்பக் கோரும் உரிமை எங்களுக்கு இருந்தது. அது எங்களுக்குத் தெரியும். டிப்ளோமா படித்தது அதற்குத்தானே.

ஒரு வாரம் போனது. தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த பாட்டி ஒருவர், மாதம் தவறாமல் எங்கள் கடைக்கு வருபவர், மைலோ பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாய், வரி வந்த மறுநாளே வெலை ஏறுச்சு. வரி போயி ஒரு வாரம் ஆச்சு. ஏறத் தெரிஞ்ச வெலைக்கு எறங்க வழி தெரியலையா?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவு அத்தா கடைக் கணக்கை எடுக்கச் சொன்னார்கள். பொருள் பொருளாகப் பார்த்தோம். அந்த ஒரு வாரத்தில் நமக்குச் சேராத பணம் எவ்வளவு நம் கல்லாவில் இருக்கிறது என்று கூட்டினோம். மறுநாள் விலைச்சீட்டை மாற்றினோம். பெயர் தெரிந்த வாடிக்கையாளர்களுக்குப் பற்றில் கழித்தோம். தெரியாதவர்களுக்குரிய தொகையை தர்மத்துக்குக் கொடுத்தோம். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. வரியைக் குறைத்தால் வளர்ச்சி வரும் என்று மேடையில் பேசுகிறோமே, குறைந்த வரி நம் கல்லாவிலேயே தங்கிவிட்டால் வாங்குகிறவர் கையில் எதுவும் கூடாது. எதுவும் கூடாதபோது அவர் எதை அதிகமாக வாங்குவார்? வரிக் கொள்கையின் கடைசிப் படி நம் கடை அலமாரி.

வரி போனதால் வந்த பள்ளத்தையும் பேச வேண்டும். வியாபாரிகளுக்கும் மக்களுக்கும் திருப்பித் தர வேண்டிய ஜிஎஸ்டி, வருமான வரிப் பாக்கிகளுக்காக 2019இல் பெட்ரோனாஸ் நிறுவனத்திடமிருந்து 30 பில்லியன் வெள்ளி சிறப்பு ஈவுத்தொகை வாங்க வேண்டியிருந்தது. விற்பனை சேவை வரி ஜிஎஸ்டி அளவுக்கு வசூல் தரவில்லை. 2024 மார்ச்சில் சேவை வரி பல சேவைகளுக்கு 8 விழுக்காடானது. உணவகங்களுக்கு 6ஆகவே விட்டார்கள். அதே ஆண்டு ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னானது. ஒரு பக்கம் வேண்டாம் என்று விட்ட பணத்தை இன்னொரு பக்கம் தேட வேண்டித்தான் வரும். வீட்டுக் கணக்கிலும் அப்படித்தான்.

2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் 421 பில்லியன் வெள்ளி. அதில் 335 பில்லியன் நடைமுறைச் செலவு. அதாவது சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி. மேம்பாட்டுக்கு 86 பில்லியன். நூறு வெள்ளியில் சுமார் இருபது வெள்ளி. பழைய கடனுக்கு வட்டி மட்டும் 54 பில்லியனுக்கு மேல். அரசாங்கத்துக்கு வருகிற வருமானம் கிட்டத்தட்ட முழுவதும் நடைமுறைச் செலவுக்கே போகிறது. மேம்பாட்டுக்குப் பெரும்பாலும் கடன்தான். இந்த இருபது வெள்ளியில்தான் புதிய பள்ளி, மருத்துவமனை, கால்வாய், பாலம் எல்லாம் அடக்கம். ஆகவே வரி கூடாது என்று நாம் சொல்லும்போது, இந்த இருபதில் கை வைக்கச் சொல்கிறோமா, மற்ற எண்பதில் வீண்செலவைக் குறைக்கச் சொல்கிறோமா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கருத்து, எண்பதைப் பார்க்க வேண்டும். இருபதைத் தொடக்கூடாது.

கடைசியாக ஒரு சம்பவம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எங்கள் மச்சான் ஒருவர் சிறிய உணவகம் வைத்திருந்தார். உள்ளூர்ப் பணியாளர்கள் ஐந்து பேர். சொக்சோவில் பதிந்தது இரண்டு பேரை மட்டும். மற்ற மூவரும் "நாள் கூலிதானே" என்று விட்டிருந்தார். மாதம் சில பத்து வெள்ளி மிச்சம். அரசாங்கம் சிறு நிறுவனங்களுக்கு ஆளுக்கு மாதம் 1,200 வெள்ளி, மூன்று மாதம் சம்பள உதவி அறிவித்தது. ஐந்து பேருக்கும் கிடைத்திருந்தால் 18,000 வெள்ளி. கிடைத்தது இரண்டு பேருக்கு, 7,200. மீதி 10,800 வெள்ளி போயிற்று. அந்த மூவரில் இருவரை அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. வேலை இழந்தவர்களுக்கும் சொக்சோவில் பெயர் இல்லாததால் அங்கேயும் ஒன்றும் இல்லை. மச்சான் எங்களிடம் சொன்ன வார்த்தை, "நான் அரசாங்கத்துக்கு ஒளிச்சேன்னு நெனச்சேன் மச்சான், என் ஆளுங்களைத்தான் ஒளிச்சு வச்சிருக்கேன்."

தோட்டத்து வேலிக்குள் இருந்ததால் நம் முன்னோர்களுக்குச் செலவு வந்து சேரவில்லை. அது அவர்கள் போட்ட வேலி அல்ல. இன்று கணக்கு எழுதாமல், பதிவு செய்யாமல், பாதி விற்பனையை மறைத்து நாமே ஒரு வேலி போட்டுக்கொள்கிறோம். பிறகு வங்கி கடன் தரவில்லை, மானியம் வரவில்லை என்று வருந்துகிறோம். வங்கி நம் முகத்தைப் பார்க்காது, நாம் எழுதிக் கொடுத்த லாபத்தைத்தான் பார்க்கும்.

இந்தச் சபைக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறோம்.

ஒன்று, கணக்கு எழுதுவோம். மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே வந்தது. அது நம் வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தனிநபர் பெயரில் தொழில் செய்கிறவர் ஜகாத் கொடுத்த ரசீதைக் காட்டினால், கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்து அந்தத் தொகை அப்படியே கழியும். நிறுவனங்களுக்கு விதி வேறு. ஆனால் வரிப் படிவமே கொடுக்காதவருக்கு எந்தக் கழிவும் இல்லை.

இரண்டு, சங்கத்தில் மாதம் ஒரு மாலை, இஷா தொழுகைக்குப் பிறகு, சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு உதவி மேசை ஒன்று போடுவோம். படிவம் நிரப்பத் தெரியாத பெரியவர்கள், புதிதாகக் கடை வைத்த இளைஞர்கள், அவர்களிடம் வேலை செய்பவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். எந்தச் சமூகத்தவரும் வரலாம். நாங்கள் இருவரும் உட்காரத் தயார். கல்லூரியில் கணக்கியல் படிக்கும் நம் பிள்ளைகளும் வந்து உட்கார வேண்டும்.

மூன்று, கேட்போம். நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், நகராண்மைக் கழகம் என்று யாரைச் சந்தித்தாலும் நோன்புக் கஞ்சிக்கு உதவி கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நம் வட்டாரத்து ஒதுக்கீடு எவ்வளவு, எங்கே செலவானது, தோட்டத்து ஓரத்தில் எஞ்சியிருக்கும் பள்ளிக்கும் சாலைக்கும் என்ன வந்தது என்று கேட்போம். ஒழுங்காக வரி கட்டுகிறவன் குரலுக்கு ஒரு கனம் உண்டு.

நம் சங்கமே இதற்கு எடுத்துக்காட்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெரியவர்கள் சந்தா வசூலித்தபோது, தோட்டக் கடை முதலாளி முதல் ரொட்டி போடும் தொழிலாளி வரை கொடுத்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை என்று சொல்ல மாட்டோம், முணுமுணுத்திருப்பார்கள். ஆனாலும் கொடுத்தார்கள். ஏனென்றால் ஆண்டுக் கூட்டத்தில் வரவும் செலவும் படிக்கப்பட்டன. ஜனாஸாவுக்கு எவ்வளவு, பிள்ளைகள் படிப்புக்கு எவ்வளவு என்று சந்தா கொடுத்தவர் காதால் கேட்டார். நாட்டுக்கும் அதே வழிதான். வாங்குகிறவர் அளவாக வாங்க வேண்டும், கணக்குச் சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் ஒளிக்காமல் கொடுக்க வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும்.

அந்தப் பாட்டி இன்றும் எங்கள் கடைக்கு வருகிறார். வந்ததும் முதலில் விலைச்சீட்டைத்தான் பார்க்கிறார். எங்களுக்கு அது நல்லதுதான்.

 சங்கத்தை நிறுவி, இன்று நம்மிடையே இல்லாத பெரியவர்களின் மறுமை வாழ்வை அல்லாஹ் சிறப்பாக்கி வைப்பானாக. நம் சம்பாத்தியத்தை ஹலாலாகவும் பரக்கத் உள்ளதாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.